முப்பத்தொரு பேர்

அறுவைச் சிகிச்சைத் துறையில் அவளுக்கு லிஸ்ட் அக்கா என்று பெயர். பதினோரு வருஷம் வார்டில் நர்ஸாக நின்ற பிறகு துறையின் ஆராய்ச்சி வேலைக்கு மாற்றினார்கள். அதிலும் எட்டு வருஷம் ஓடிவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களைக் குறித்த தேதியில் திரும்ப வரவழைப்பது, தையல் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்ப்பது, அளப்பது, எழுதிவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. இதற்காக அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று எப்போதும் அவள் கக்கத்தில் இருக்கும். அந்த நோட்டில் பேர் ஏறினவர் தப்பிக்க முடியாது என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். தப்பித்தவர்கள் எத்தனை பேர் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

அப்போது நடந்துகொண்டிருந்தது தையல் ஆராய்ச்சி. குடலில் ஓட்டை விழுந்தோ அடைப்பு ஏற்பட்டோ அவசரமாக வருகிறவர்களுக்கு வயிற்றை நீளவாக்கில் திறந்து ஆபரேஷன் செய்வார்கள். முடிந்ததும் வயிற்றுச் சுவரைத் தைத்து மூட வேண்டும். துறைத் தலைவரை எல்லோரும் சீஃப் என்பார்கள். அவர் இருபத்தேழு வருஷமாக ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிப் பெரிய தையலாகப் போடுகிறவர். அங்கே படித்த அத்தனை பேரும் அவர் கையைப் பார்த்தே தைக்கக் கற்றவர்கள். புதிதாக வந்த உதவிப் பேராசிரியை, அரை சென்டிமீட்டர் இடைவெளியில் சின்னச் சின்னதாகப் போட்டால் பின்னால் தையல் விட்டுக் குடல் பிதுங்கும் ஹெர்னியா குறையலாம் என்றாள். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன்களில் அது பலன் தருவதாக வெளியிடங்களில் பார்த்திருந்தார்கள். அவசர ஆபரேஷன்களில் எப்படி என்று அந்தத் துறையில் யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் பேசி முடிப்பதற்குள் மாணவர்கள் அவளுக்கு அரைசென்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சீஃப் பிடிவாதக்காரர், ஆனால் அநியாயக்காரர் இல்லை. செய்து பார்க்கட்டும் என்று அனுமதி கொடுத்தார். நூற்றெண்பது நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் பெரிய தையல், பாதிப் பேருக்குச் சின்னத் தையல். யாருக்கு எது என்ற விவரம் புள்ளியியல் பேராசிரியரிடம் பூட்டிக் கிடக்கும். ஒரு வருஷம் கழித்து வயிற்றைப் பார்க்கிற லிஸ்ட் அக்காவுக்கு அது தெரியக் கூடாது. தெரிந்தால் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

வருஷம் முடிந்தது. ஒரு வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் புள்ளியியல் பேராசிரியர் முடிவைப் போட்டுக் காட்டினார். மாணவர்கள் அவரைப் புள்ளி சார் என்பார்கள். அது அவருக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. எந்தப் பிரிவு எந்தத் தையல் என்று சொல்லாமல், முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று மட்டும் போட்டிருந்தார். ஒன்றில் எழுபத்துநான்கு பேரில் பதினோரு பேருக்கு ஹெர்னியா. இன்னொன்றில் எழுபத்தைந்து பேரில் எட்டுப் பேருக்கு. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

சீஃப் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எந்தத் தையலாக இருந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது, ஆறு வாரத்தில் மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும், எழுத ஆரம்பிக்கலாம் என்றார். அரைசென்டி தலை குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். பேனா நகரவில்லை என்பதை லிஸ்ட் அக்கா பார்த்தாள்.

புள்ளி சார் மட்டும் திரையை அணைக்கவில்லை. நூற்றெண்பதில் வந்தவர்கள் நூற்று நாற்பத்தொன்பது. வராதவர்கள் முப்பத்தொரு பேர். இரண்டு பிரிவிலும் சேர்த்து நாம் கண்டுபிடித்த ஹெர்னியாவே பத்தொன்பதுதான். "கண்டுபிடிச்சதைவிடக் காணாமப் போனது அதிகம் சார். இந்த முப்பத்தொரு பேரும் எந்தப் பக்கம் சாயுறாங்களோ, முடிவும் அந்தப் பக்கம் சாயும்" என்றார்.

எந்த ஆராய்ச்சியிலும் கொஞ்சப் பேர் விட்டுப்போவது சகஜம்தானே என்று சீஃப் கேட்டார். அதுவும் பொய்யில்லை.

சுவரோரமாக நின்றுகொண்டிருந்த லிஸ்ட் அக்கா அப்போது வாயைத் திறந்தாள். அந்தக் கூட்டத்தில் எட்டு வருஷமாக யாராவது கேட்டால்தான் அவள் பதில் சொல்வாள். "அந்த ஆறு வாரத்தை எனக்குக் குடுங்க சார். நான் தேடிப் பார்க்கறேன்."

சீஃப் அவளை நிமிர்ந்து பார்த்தார். "போன் பண்ணிப் பார்த்தாச்சுல்ல சிஸ்டர்?"

"போன்தான் பண்ணினோம் சார். போய்ப் பார்க்கல."

அவள் அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஆராய்ச்சியில், வராத ஒரு பெண்ணின் பேருக்கு நேரே 'தொடர்பில் இல்லை' என்று தன் கையால் எழுதி மூடினாள். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தாள். புண் ஆறாமல் சீழ் வைத்து, வேறெங்கோ போய் மறுபடி அறுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவள் கோபப்படக்கூட இல்லை. "நான் எங்கயும் தொலையல. அதே வீட்லதான் இருக்கேன். நீங்கதான் தேடல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த இரண்டு வார்த்தையை எழுதுவதென்றாலே லிஸ்ட் அக்காவுக்குக் கை கூசும்.

அன்றாட வேலை கெடக் கூடாது என்ற நிபந்தனையோடு சீஃப் சம்மதித்தார். நோயாளிகள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்திலேயே, வர முடியாவிட்டால் வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்ற வரி இருந்தது. அதுவரை அந்த வரியை யாரும் பயன்படுத்தியதில்லை.

முதல் வாரம் நாய் படாத பாடு பட்டாள். மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு, அளவு நாடாவையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். கால் கடுக்க நடந்து விலாசத்தைக் கண்டுபிடித்தால் அங்கே ஒரு பழைய இரும்புக்கடை இருக்கும். இன்னொரு இடத்தில் தெருவே இல்லை, மேம்பாலம் வந்துவிட்டது. ஐந்து நாளில் மூன்று பேர்தான் கிடைத்தார்கள்.

வீட்டில் அவளுடைய நாத்தனார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவருடைய அக்கா, தபால் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் கடிதம் பிரித்துவிட்டு ஓய்வு பெற்று, தம்பி வீட்டோடு வந்து இருப்பவள். ஓய்வு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டு அலமாரியில் இருந்த டப்பாக்களையெல்லாம் வரிசை மாற்றி அடுக்கி, எது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாமல் செய்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை லிஸ்ட் அக்கா சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நாத்தனார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். லிஸ்ட் அக்கா சட்டென்று பேர்களையும் மற்ற விவரங்களையும் காகிதத்தால் மூடினாள். விலாசம் மட்டும் வெளியே தெரிந்தது.

"இவங்களுக்கெல்லாம் என்ன வியாதி?"

"அதைச் சொல்லக் கூடாது அண்ணி."

"ஆமா, பெரிய ராணுவ ரகசியம்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் எதிரே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. விலாசங்களை விரலால் தடவிக்கொண்டே போனாள். "இதை எழுதினது யாரு?"

சேர்க்கை மேஜையில் இருக்கிறவர்கள் என்றாள் லிஸ்ட் அக்கா. நோயாளி வலியில் சொல்வார், கூட வந்தவர் பதற்றத்தில் சொல்வார், இவர்கள் அவசரத்தில் எழுதுவார்கள்.

"அதான். விலாசம் தப்பில்ல, எழுத்துதான் தப்பு. இந்த ஆளு ஏழு போட்டா ஒண்ணு மாதிரி இருக்கு, பாரு. நீ ஒண்ணாம் நம்பர்ல போய்த் தேடியிருப்ப, அவங்க ஏழாம் நம்பர்ல சுகமா இருப்பாங்க. இது தெருப் பேரே இல்ல, பஸ் நிக்கிற இடத்தோட பேரு. இந்தத் தெருவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பேர் மாத்திட்டாங்க."

பதினெட்டு விலாசங்களை அவள் அந்தக் காலையில் திருத்தினாள். மேஜை முழுக்கத் துண்டுச் சீட்டுகள். லிஸ்ட் அக்காவின் கணவர் பஸ் டிரைவர். குளித்துவிட்டு வந்தவர் எந்தச் சீட்டு எந்தத் தடத்தில் வரும், எங்கே இறங்கினால் நடை குறையும் என்று எழுதிக் கொடுத்தார். நான் இருபது வருஷமாக ஒரே ரூட்டில் ஓட்டுகிறேன், இவள் ஆறு வாரத்தில் ஊரையே அளந்துவிடுவாள் என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஆட்கள் கிடைக்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருத்தி, மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்தவள், தான் நன்றாக இருப்பதால்தான் வரவில்லை என்றாள். நன்றாக இருப்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று லிஸ்ட் அக்கா சொல்லி, வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு சமையல்காரர் வேலை மாறி வேறு ஊருக்குப் போயிருந்தார். பஸ் ஏறிப் போய் ஓட்டலின் பின்பக்க அறையில் பார்த்தாள். தச்சர் ஒருவரின் வீட்டில் அவருடைய அண்ணன் கதவைத் திறந்து, தம்பி போய் நாலு மாதமாகிறது என்றார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும் என்று தங்களுக்குத் தோன்றவில்லை என்று அவர் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். லிஸ்ட் அக்கா அளவு நாடாவைப் பையில் திரும்பப் போட்டுவிட்டு, அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று புரிந்தது. வராதவர்களில் பாதிப் பேர் சுகமாக இருந்ததால் வராதவர்கள். மீதிப் பேர் வயிறு பிதுங்கியதால் வராதவர்கள். வந்தால் மறுபடி அறுப்பார்கள் என்ற பயம், ஏற்கெனவே அறுத்து என்ன ஆயிற்று என்ற கசப்பு. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம் அவள் பார்த்ததெல்லாம் நெல்லிக்காய், எலுமிச்சை அளவு வீக்கம். இங்கே வீட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்தவை அதைவிடப் பெரியவை. எந்தத் தையல் இப்படி விட்டது என்று அவளுக்குத் தெரியாது. ஊகிக்கவும் தன்னை அவள் விடவில்லை. அளந்தாள், எழுதினாள், அடுத்த விலாசத்துக்குப் போனாள்.

நான்காவது வாரம், ஏழாம் நம்பர் வீடு. நாத்தனார் திருத்தின முதல் விலாசம். உள்ளே இருந்தவர் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கும் லோடுமேன். வயிற்றுப் புண் வெடித்து ஒரு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் ஆனவர். கதவைத் திறந்த அவர் மனைவி ஆஸ்பத்திரி என்றதும் உள்ளே திரும்பிப் பார்த்தாள். "வீட்ல இல்லைன்னு சொல்லு" என்ற குரல் வாசல்வரை தெளிவாகக் கேட்டது. வீட்டில் இல்லை என்று அவளும் சொன்னாள். சரிங்க, அவர் வந்ததும் நான் வந்துட்டுப் போனதாகச் சொல்லுங்கள் என்று லிஸ்ட் அக்கா உள்ளே கேட்கும்படியாகச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அடுத்து அவள் ஒரு தப்புச் செய்தாள். கிடங்குக்கே போய்விட்டாள். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்து, ஓரமாக வந்து நின்றார். "இங்க வராதீங்க. எனக்கு உடம்புக்கு ஏதோன்னு மேஸ்திரிக்குத் தெரிஞ்சா நாளைலருந்து வேலை கெடையாது." அவர் சட்டைக்குள் வயிற்றைச் சுற்றி ஏதோ தடிப்பாகக் கட்டியிருந்தது தெரிந்தது. லிஸ்ட் அக்கா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, யாராவது கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடுங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை அவரே கதவைத் திறந்தார். விடாப்பிடியான ஆள் என்று மனைவியிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

லோடுமேன் உட்காரவில்லை. "என்னைக் கணக்குக்காகத்தான தேடி வர்றீங்க?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆமாங்க. கணக்குக்காகத்தான் வந்தேன். உங்களுக்கு எந்தத் தையல் போட்டாங்கன்னு எனக்கே தெரியாது. அது சரியில்லாத தையலா இருந்து, நீங்க வராமலே இருந்துட்டீங்கன்னா, அது நல்ல தையல்னு எழுதிருவோம். நாளைக்கு இன்னொருத்தருக்கும் அதையே போடுவோம்."

 அவர் பாயில் படுத்து, இடுப்பைச் சுற்றியிருந்த அகல பெல்ட்டை அவிழ்த்தார். அதற்கடியில் பழைய போர்வையைக் கிழித்து நாலு சுற்று. எல்லாம் எடுத்ததும், தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை விரித்து வைத்த அளவுக்கு வயிறு பிதுங்கி நின்றது. மேல்தோல் மெலிந்து பளபளத்தது. தலையை மட்டும் தூக்கச் சொன்னாள். அது இன்னும் புடைத்தது. இதோடு ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை.

அளந்து எழுதினாள். எழுதி முடித்த பிறகும் கிளம்பவில்லை. இதை இப்படியே விடக் கூடாது, ஒரு நாள் இது உள்ளே போகாமல் மாட்டிக்கொள்ளும் என்று எடுத்துச் சொன்னாள். மறுபடி அறுத்தால் மறுபடி விடாது என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று அவர் கேட்டார். அப்படி யாரும் எழுதிக் கொடுக்க முடியாது என்று சொன்னாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அவள் தன் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி, மனைவியின் கையில் கொடுத்தாள். வீக்கம் கல் மாதிரி இறுகிவிட்டாலோ, வாந்தி வந்தாலோ ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாது; வேலை, மேஸ்திரி எதையும் பார்க்கக் கூடாது என்று அவளுக்கு இரண்டு தடவை சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லவைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஆறு வாரம் முடிந்தது. முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு பேரைப் பார்த்தாகிவிட்டது. இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் ஏழு. மாநாட்டுக்கு அனுப்பக் கடைசி நாள் நெருங்கியது. இருக்கிறதை வைத்து எழுதிவிடலாமா என்று அரைசென்டியே தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவளுக்கு அந்த மாநாட்டில் பேசுவது முதல் தடவையாக இருந்திருக்கும்.

இன்னும் நாலு பேர் இருக்கிற இடம் தெரியும் என்றாள் லிஸ்ட் அக்கா. "இப்ப விட்டா நாம தேடல, பாதி வழில நின்னுட்டோம்னு அர்த்தம் மேடம்."

இருவரும் சேர்ந்து சீஃப் அறைக்குப் போனார்கள். இன்னும் பத்து நாள் வேண்டும் என்றார்கள். மாநாடு போய்விடும் என்பதை அவர் நினைவூட்டினார். போகட்டும் சார் என்றாள் அரைசென்டி. சீஃப் பதில் சொல்வதற்குள் லிஸ்ட் அக்காவின் போன் அடித்தது.

லோடுமேனின் மனைவி. காலை பதினோரு மணி இருக்கும். வேலைக்குப் போன இடத்தில் வலி, வாந்தி, கல் மாதிரி இறுகிவிட்டது. ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறோம் என்றாள்.

லிஸ்ட் அக்கா போனைக் கையில் வைத்தபடியே சீஃபிடம் சொன்னாள். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் எழுந்தார். ஆட்டோ வந்து நின்றபோது ஸ்ட்ரெச்சர் வாசலில் நின்றது, தியேட்டர் தயாராக இருந்தது. அரைமணி நேரத்தில் லோடுமேன் மேஜையில் இருந்தார். சீஃபும் அரைசென்டியும் கை கழுவினார்கள்.

பழைய தழும்பின் மேலேயே திறந்தார்கள். பிதுங்கிய இடத்தில் ஒரு முழம் குடல் மாட்டி, கன்னிப்போய்க் கருநீலமாக இருந்தது. இறுக்கத்தை விடுவித்து, வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூடிவிட்டுக் காத்திருந்தார்கள்.  பத்து நிமிஷம் கழித்துத் துணியை எடுத்தபோது குடல் மெல்ல மெல்லச் சிவந்து வந்தது. விரலால் தொட்டதும் அசைந்தது. வெட்டி எடுக்கத் தேவையில்லை.

அதன் பிறகுதான் சீஃப் வயிற்றுச் சுவரைப் பார்த்தார். பழைய தையல் நூல் அறுந்திருக்கவில்லை, முடிச்சும் அவிழவில்லை. ஒவ்வொரு சுற்றும் சதையை அறுத்துக்கொண்டு நகர்ந்து, பெரிய பெரிய வளையமாகத் தளர்ந்து தொங்கியது. ஒரு சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் என்று ஒழுங்கான இடைவெளி. அது யார் கை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தியேட்டர் நர்ஸ் மூடுவதற்கான ஊசியைக் கோத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நீ மூடும்மா" என்றார் அரைசென்டியிடம். "உன் மாதிரியே மூடு."

அவள் அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக மூடி, மேலே தாங்கலுக்கு ஒரு செயற்கை வலை வைத்துத் தைத்தாள். சீஃப் உதவியாளர் இடத்தில் நின்று நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிடக் கால்மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. ஒரு தடவைகூட அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று தியேட்டர் நர்ஸ் பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை வார்டு சுற்றில் சீஃப் லோடுமேனின் கட்டிலில் உட்கார்ந்தார். அரைசென்டியும் மாணவர்களும் சுற்றி நின்றார்கள். லிஸ்ட் அக்கா கட்டிலின் காலடியில் இருந்தாள்.

"போன வருஷம் உங்களைத் தெச்சது நான்தான்" என்றார் சீஃப். "அது நிக்கல. உங்க பேர்ல ஒரு தப்பும் இல்ல."

லோடுமேன் வயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். "இந்தத் தடவை?"

"இந்தத் தடவை இவங்க தெச்சாங்க" என்று அரைசென்டியைக் காட்டினார்.

"அப்ப சரி" என்றார் லோடுமேன். யாரோ ஒரு மாணவர் சிரிப்பை அடக்கினது கேட்டது. சீஃப் அடக்கவில்லை, அவரே சிரித்துவிட்டார்.

அந்தப் பத்து நாள் கிடைத்தது. மாநாட்டுக்குத் தாங்கள் வரவில்லை என்று சீஃப் தன் கையாலேயே எழுதி அனுப்பினார். லிஸ்ட் அக்கா சொன்ன நாலு பேரும் கிடைத்தார்கள். கடைசி ஆளைப் பார்க்க மூன்று பஸ் மாறி, ஒரு செங்கல் சூளைக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று பேர் மட்டும் எங்கே என்றே தெரியவில்லை. நாத்தனார்கூடக் கையை விரித்துவிட்டாள். அவள் தோல்வியை ஒப்புக்கொண்டதை அந்த வீட்டில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பூட்டியிருந்த விவரத்தைப் புள்ளி சார் ஒரு வியாழக்கிழமை திறந்தார். பெரிய தையலில் எண்பத்தெட்டுப் பேருக்கு இருபது ஹெர்னியா. சின்னத் தையலில் எண்பத்தேழு பேருக்குப் பத்து. தேடிப்போய்ப் பார்த்த இருபத்தாறு பேரில் மட்டும் பதினோரு ஹெர்னியா. அதில் ஒன்பது பெரிய தையல். புள்ளி சார் ஆட்டம் போடவில்லை. ஒரே ஆஸ்பத்திரி, நூற்றெண்பது பேர், வித்தியாசம் நூலிழையில் நிற்கிறது, இன்னும் பெரிதாக வேறு இடங்களிலும் செய்து பார்க்க வேண்டும் என்றார். ஆனால் போன தடவை நாம் எழுதவிருந்த முடிவு தப்பு என்பதில் தனக்குச் சந்தேகமில்லை என்றும் சொன்னார்.

சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தேழு வருஷம் என்று மெதுவாகச் சொன்னது முன் வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. பிறகு நிமிர்ந்து, திங்கட்கிழமையிலிருந்து இந்தத் துறையில் சின்னத் தையல்தான் என்றார். கட்டுரையில் எத்தனை பேர் வராமல் போனார்கள், அவர்களை எப்படித் தேடினோம் என்பது முதல் பக்கத்திலேயே வர வேண்டும். லிஸ்ட் அக்காவின் பேர் எழுதியவர்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவளைக் கேட்டார். கிடைக்காத மூன்று பேரைக் கிடைக்காதவர்கள் என்றே எழுத வேண்டும், யார் பக்கமும் சேர்த்துவிடக் கூடாது என்று மட்டும் அவள் சொன்னாள்.

லோடுமேன் மூட்டை தூக்குகிற வேலைக்குத் திரும்பவில்லை. மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்றதும் கிடங்கில் அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் பயந்தது நடந்தேவிட்டது. லிஸ்ட் அக்கா சமூகநலப் பிரிவில் நாலு நாள் உட்கார்ந்து, அங்கிருந்தவர்களைத் துறையின் கடிதத்தோடு போய்க் கிடங்கு முதலாளியைப் பார்க்க வைத்தாள். லாரி வந்து போகிற நேரத்தை எழுதுகிற மேஜை வேலை கிடைத்தது. அது தனக்குப் பிடிக்கவில்லை என்று ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் சொல்வார். ஆனால் ஒவ்வொரு தடவையும் குறித்த தேதியில் வந்தார்.

சின்னத் தையல் ஆரம்பிக்கவிருந்த திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை மதியம், துறை நூலகத்துக்கு ஏதோ கோப்பு எடுக்கப் போன லிஸ்ட் அக்கா வாசலிலேயே நின்றாள். ஜன்னலோர மேஜையில் சீஃப் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தடித்த ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அரைசென்டி, கையில் ஒரு சின்ன அளவுகோல். மாணவர்கள் இரண்டு பேர் அலமாரிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல்கள் பழக்கத்தில் தாவித் தாவிப் போவதை அவர் பல்லைக் கடித்து இழுத்துப் பிடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. பத்துத் தையல் போட்டதும் ஸ்பாஞ்சை அவள் பக்கம் நகர்த்தினார்.

அரைசென்டி அளந்தாள். கொஞ்சம் தயங்கினாள். "இது ஏழு மில்லிமீட்டர் இருக்கு சார். அஞ்சு வரணும்."

சீஃப் கத்தரிக்கோலை எடுத்தார். பத்துத் தையலையும் அறுத்து, நூலை உருவிப் போட்டுவிட்டு, புது ஊசியைக் கோத்து ஓரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.